‘அந்த நாள்’: ஒரு மர்மப் படமும் அதன் காலமும்

பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘அந்த நாள்’ என்பதிலுள்ள சுட்டு, கண்முன் நிற்கும் பொருளைச் சுட்டுவதன்று. முன்பே அறியப்பட்ட ஒன்றைச் சுட்டுவதனைப் பண்டறிசுட்டு என்றும், உலகத்தார் அனைவரும் அறிந்த ஒன்றைச் சுட்டுவதனை உலகறிசுட்டு என்றும் நம் உரையாசிரியர்கள் வழங்குவர். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இப்படத்தைக் காணச் சென்ற சென்னை மக்களுக்கு இப்பெயர் இவ்விரு வகையாலும் பொருள் தந்திருக்கும். 1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜப்பானிய வானூர்தியொன்று நகரத்தின்மீது குண்டெறிந்த நாளே அந்த நாள். பத்தாண்டு கழிந்திருந்தும், அதனை அவர்களுக்கு ஒருவர் விளக்கிக் கூற வேண்டியதில்லை. இன்று காண்பவர்க்கோ அச்சுட்டு வெறும் மர்மக் குறிப்பாக மட்டுமே ஒலிக்கிறது. கொலை செய்தவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்க, கொலை எந்தக் காலத்தில் நிகழ்ந்தது என்னும் செய்தி மங்கிவிட்டது. இப்படத்தைப் பாராட்டி எழுதுவோர் பலரும் பாடல் இல்லாமை, ஒளியும் நிழலும், திருப்பம் ஆகிய மூன்றினையே விரித்துரைப்பர். அவையும் கூறத்தக்கனவே. ஆயினும், இதன் சிறப்பு அதன் காலத்தோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ளது என்பதே நம் கருத்து.

திரைப்படம் தமிழாராய்ச்சிக்கு உரிய பொருளாகுமா எனச் சிலர் ஐயுறுவர். இயலும் இசையும் நாடகமும் தமிழே என்று மேடைதோறும் முழங்கிவிட்டு, இருபதாம் நூற்றாண்டில் நாடகம் எங்குச் சென்று குடிபுகுந்தது என்பதைப் பாராதிருத்தல் பொருந்தாது. இவ்வளவே அதற்கு நாம் கூறும் விடை.

படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். 1927ஆம் ஆண்டில் பிறந்த இவர், பின்னாளில் வீணை வித்துவானாக உலகப் புகழ் எய்தியவர். 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் சிறுவனாகத் தோன்றிய காலத்திலிருந்தே திரையோடு தொடர்புடையவர். கதையை அமைத்தவரும் அவரே. உரையாடலை எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. ஒளிப்பதிவு மாருதி ராவ். தயாரித்தவர் ஏ. வி. மெய்யப்பனார். கொலையுண்ட ராஜனாகச் சிவாஜி கணேசனும், அவன் மனைவி உஷாவாகப் பண்டரிபாயும் நடித்துள்ளனர்.

கதைத்தலைவன் படம் தொடங்கிய உடனேயே சுடப்பட்டு வீழ்கிறான். ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத காலத்தில், மக்கள் யாரைக் காணவும் யாருடைய குரலைக் கேட்கவும் வந்தார்களோ, அவரை முதற் காட்சியிலேயே பிணமாக்கியது சிறு துணிவன்று. அதன்பின் ராஜன் தோன்றுவதெல்லாம் பிறர் சொல்லும் சொல்லிலேதான். வானொலிப் பொறியாளனாகிய அவன் தன் வீட்டில் இறந்து கிடக்கிறான். அருகே பணமும் கிடப்பதால் திருட்டுக்காக நடந்த கொலையாகத் தோன்றவில்லை. உள்ளூர்க் காவல் ஆய்வாளரும் சிவானந்தமும் ஒவ்வொருவராக வினவுகின்றனர். துப்பாக்கி ஓசை கேட்டுக் காவல் நிலையத்திற்குச் செய்தி சொன்ன அண்டைவீட்டுச் சின்னையா, குடும்பச் சொத்தில் பங்கு கிடைக்காத தம்பி பட்டாபியைச் சுட்டுகிறார். பட்டாபி முதலில் தன்னையே நொந்துகொண்டு, பின்னர்த் தன் மனைவி ஹேமாவின்மேல் ஐயத்தைத் திருப்புகிறான். ஹேமா, ராஜனோடு மறைவில் உறவு கொண்டிருந்த நடனமாது அம்புஜத்தைக் கூறுகிறாள். அம்புஜமோ சின்னையாவைக் கூறுகிறாள்.

இவ்வமைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். சின்னையாவிடம் தொடங்கிய பழி, மூவர் வழியாகச் சுற்றிச் சின்னையாவிடமே வந்து சேர்கிறது. வட்டம் நிறைவுற்றது. அவ்வட்டத்திற்கு வெளியே நிற்பவள் ஒருத்தி மட்டுமே, அவள் மனைவி. அவள்மேல் எவரும் பழி கூறவில்லை. கூற வேண்டும் என்னும் எண்ணமே எவர்க்கும் எழவில்லை. தொடக்கத்தில் துயரத்தால் பேச இயலாதவளாக இருந்த அவளை, பார்வையாளராகிய நாமும் கைம்மைத் துயரின் உருவமாகவே கொண்டு மறந்துவிடுகிறோம். ஒருவரை மறைத்து வைக்கும் இவ்வுத்தி, ஒளித்து வைக்கும் உத்தியன்று. கண்ணெதிரே வைத்துவிட்டு, நம் மரபின் பழக்கத்தாலேயே நாம் காணாதபடி செய்யும் உத்தி. ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோர் எழுதிக் குவித்த துப்பறியும் நாவல்களில் திருப்பங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றில் மாறுவேடமும் மறைவழியும் செய்யும் வேலையை, இங்குக் கற்பு என்னும் கருத்தே செய்துவிடுகிறது. நாம் பாராட்டும் பாராட்டுகளுள் முதலாவது இதுவே.

இப்படம் ‘ராஷோமோன்’ என்னும் ஜப்பானியப் படத்தின் வழிவந்தது என்பது பெருவழக்கு. 1950ஆம் ஆண்டில் அகிரா குரோசவா இயக்கிய அப்படம், 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது பெற்று உலகெங்கும் பேசப்பட்டது. வேறு சிலர், அதே 1950இல் வெளிவந்த அந்தோணி ஆஸ்குவித்தின் ‘தி உமன் இன் குவெஸ்சன்’ என்னும் ஆங்கிலப் படத்தையே மூலம் என்பர். இவ்வழக்கில் மிகுதியாக நாட்கழித்தல் வேண்டா. வேறுபாட்டை மட்டும் குறிப்போம். ‘ராஷோமோன்’ காட்டுவது ஒரே நிகழ்ச்சியின் பல வடிவங்கள். இறுதியில் எது மெய் என்பதை அது கூறுவதில்லை. கூறாமையே அதன் கொள்கை. ஆங்கிலப் படமோ, கொலையுண்டவளின் குணத்தைச் சான்று கூறுவார்தோறும் மாற்றிக் காட்டி, குற்றவாளியைக் கண்டுபிடித்து முடிக்கிறது. ‘அந்த நாள்’ பின்னதற்கே நெருங்கியது. எனினும் அதனினும் ஒரு படி அப்பாற் செல்கிறது. நால்வர் கூறும் கதைகளிலும் கொலைக்குரிய காரணம் சொத்து, காமம், பொறாமை என வீட்டுக்குள்ளேயே அடங்கி நிற்கிறது. ஐந்தாவதாக உஷா பேசும்பொழுதுதான் வீட்டின் சுவர் இடிந்து, வெளியே நடக்கும் போர் உள்ளே வருகிறது. சான்றுகளின் முரண்பாடு வாய்மை அறியவொண்ணாதது என்பதற்காக அமைந்ததன்று. வீட்டுக் காரணங்களைத் தேடிக்கொண்டே இருப்பவர் நாட்டுக் காரணத்தைக் காணார் என்பதற்காக அமைந்தது.

இனி, பாடல் இன்மை. ‘இந்தியாவிலேயே பாடலில்லாத முதற் படம்’ என்று எழுதுவோர் உளர், அது பிழை. ஜே. பி. எச். வாடியாவின் ‘நவ்ஜவான்’ 1937ஆம் ஆண்டிலேயே பாடலின்றி வெளிவந்தது. தமிழில் முதற்படம் என்பதே பொருந்தும். தமிழில் இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை உணர, 1930களின் படங்களை நினைத்தல் போதும். ஒரு படத்தில் முப்பது, நாற்பது பாடல்கள் இருந்தமை அக்காலத்தில் வியப்பன்று. மெய்யப்பனார் திரைத்துறைக்கு வந்த வழியே இசைத்தட்டு வாணிகம்; 1932இல் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிப் பாட்டையும் நாடகத்தையும் தட்டில் பதித்து விற்றவர். இயக்குநரோ இசையே உயிராகக் கொண்டவர். பாட்டை விற்றவரும் பாட்டிலே வாழ்ந்தவரும் கூடிப் பாட்டில்லாத படத்தை எடுத்தனர். இது முரணாகத் தோன்றலாம். நமக்கு இயல்பாகவே தோன்றுகிறது. எங்கே இசை கூடாது என்பதை இசைவாணனே நன்கறிவான்.

பாடல் இன்மை தனியே நிற்கும் புதுமையன்று. உரையாடலும் அதற்கேற்பக் குறுகியிருக்கிறது. அதே 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மனோகரா’வில் அதே சிவாஜி கணேசன் அடுக்குமொழியில் அரசவையை அதிரவைத்ததை நாம் அறிவோம். ஜாவர் சீதாராமனின் உரையாடல் அவ்வகையினதன்று. வினா, விடை, மீண்டும் வினா என்று காவல்நிலைய விசாரணையின் நடையிலேயே அது செல்கிறது. மேடையிலிருந்து பேசும் தமிழைக் கேட்டுப் பழகியோர்க்கு அறையிலிருந்து பேசும் தமிழ் சப்பென்று தோன்றியிருத்தல் கூடும். படம் முதலில் வருவாய் ஈட்டவில்லை. 1954ஆம் ஆண்டுக்குரிய அரசு விருதுகளில், தமிழ்ப் படங்களுள் ‘மலைக்கள்ளன்’ வெள்ளிப் பதக்கம் பெற, இப்படம் தகுதிச் சான்று பெற்றது. பாடலில்லாப் படம் என்னும் வழி தமிழில் தொடர்ந்து செல்லப்படவும் இல்லை. ‘வீடு’ (1988), ‘குருதிப்புனல்’ (1995) என ஆங்காங்கே சில தோன்றியதோடு சரி.

ராஜன் வேடத்திற்குச் சிவாஜி கணேசன் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். வேறு நடிகரைக் கொண்டு எடுத்தவற்றைப் பார்த்து மனநிறைவு கொள்ளாத மெய்யப்பனார், அவற்றை நீக்கிவிட்டு அவரைக் கொண்டு மீண்டும் எடுக்கச் செய்தார். அது நன்றே ஆயிற்று. தம்பிக்கு வஞ்சக அண்ணன், அம்புஜத்திற்கு இனிய காதலன், உஷாவுக்கு ஒருகால் நாட்டுப்பற்று மிக்க மாணவன், பின்னர் அந்நாட்டையே விற்கத் துணிந்தவன் எனப் பல ராஜர்களை ஒருவரே நடிக்க வேண்டியிருந்தது. அவற்றை வெவ்வேறு மனிதராக்கிவிட்டால் கதை சிதையும். ஒரே மனிதனாக்கிவிட்டால் ஐயம் எழாது. இவ்விரண்டிற்கும் இடையே அவர் நடந்து காட்டியிருக்கும் ஒற்றையடிப் பாதை, பின்னாளைய பெரும் படங்களில் அவர் காட்டிய விரிந்த நடிப்பினும் நம் நெஞ்சிற்கு நெருக்கமானது.

இதுகாறும் கூறியன கலையைப் பற்றியன. இனி, காலத்தை நோக்குவோம்.

சென்னை அயல்நாட்டாரின் குண்டுக்கு இலக்கானது 1943இல் முதன்முறையன்று. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. ஆயின், நகரத்தை உண்மையில் நடுங்கச் செய்தது 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதமே. அம்மாதம் 5ஆம் நாள் கொழும்பிலும், 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இன்றியமையாப் பணியில்லாதோர் நகரை விட்டு வெளியேறுமாறு சென்னை அரசு கூறிற்று. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. கூண்டு உடைந்து வெளிவந்தால் என் செய்வது என்னும் அச்சத்தால், உயிர்க்காட்சிச் சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். வீடுகள் பூட்டப்பட்டன, பெட்டி படுக்கைகளோடு இரயில் நிலையத்தில் கூடிய கூட்டம் கதைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் இடம்பெற்றது. அஞ்சியபோது வாராத குண்டு, அச்சம் தணிந்து மக்கள் திரும்பி வந்தபின், ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து வந்தது. சேதம் சிறிது, செய்தி பெரிது. இருட்டடிப்பும் எச்சரிக்கைச் சங்கொலியும் பழகிப்போன அந்நகரத்தின் இரவுதான் மாருதி ராவ் காட்டும் நிழல். அயல்நாட்டு மர்மப் படங்களைப் பார்த்துக் கற்ற நிழல் என்று மட்டும் அதனைக் கூறிவிடலாகாது.

ராஜனை வானொலிப் பொறியாளனாக்கியதும் எண்ணிச் செய்ததே. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938இல் தொடங்கிற்று. போர்க்காலத்தில் அரசு பேசியதும், பகைவர் பேசியதும், நாடு கடந்து சென்ற நேதாஜி பேசியதும் அப்பெட்டியின் வழியேதான். 1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் அவர் தோழர்களும் தலைமறைவாகக் காங்கிரஸ் வானொலியை நடத்திச் சிறை புகுந்தனர். வானொலிப் பொறியாளனின் மனைவிக்கு இப்படம் உஷா எனப் பெயரிட்டிருப்பது கருதித்தான் என்று கூற நாம் துணியோம். கண்ணில் பட்டதைக் குறித்தோம். ராஜன் ஏழைகளும் வாங்கத்தக்க மலிவான வானொலிப் பெட்டியைச் செய்ய விழைந்தவன். அம்முயற்சியை அரசு புறக்கணித்தது. கசந்துபோன உள்ளத்தோடு அவன் ஜப்பானியர்க்கு மறைவில் செய்தி அனுப்பும் ஒற்றனாகிறான்.

இவ்விடத்தில்தான் வரலாறு படத்தைக் குறுக்கிட்டு ஒரு வினாவை எழுப்புகிறது. 1943ஆம் ஆண்டில் இந்நாட்டை ஆண்டவர் ஆங்கிலேயர். ஆங்கிலேயரின் பகைவர்க்கு உதவுதல் இந்நாட்டுக்கு இரண்டகம் ஆகுமா?

இது வெறும் தருக்கமன்று. 1942ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், பினாங்கில் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர் சிலர் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் தானூருக்கு அருகே இறங்கினர். பிடிபட்டு, வழக்காடப்பட்டு, அவருள் வக்கம் அப்துல் காதரும் வேறு மூவரும் 1943ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையிலேயே தூக்கிலிடப்பட்டனர். அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னர், அதே நகரத்தில்! அப்துல் காதரின் நினைவாக இந்திய அரசு 1998இல் அஞ்சல்தலை வெளியிட்டது. சட்டப்படி அவர் செய்த செயலும் ராஜன் செய்த செயலும் ஒன்றே. அதே 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை நிறுவினார். சென்னையில் மருத்துவம் பயின்ற லட்சுமி சுவாமிநாதன் அவ்வரசில் இடம்பெற்று, ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். மலேயாத் தோட்டங்களில் பால் வடித்த தமிழ்ப் பெண்கள் அப்படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர். ஆக, ஒரே மாதத்தில், ஜப்பானியரின் துணையோடு ஆங்கிலேயரை எதிர்க்கத் தமிழ்ப்பெண் அங்கே துப்பாக்கி ஏந்துகிறாள். ஜப்பானியர்க்கு உதவும் கணவனைத் தடுக்கத் தமிழ்ப்பெண் இங்கே துப்பாக்கி ஏந்துகிறாள். இருவரும் நாட்டின் பெயரையே சொல்கின்றனர்.

1945ஆம் ஆண்டின் இறுதியில் செங்கோட்டையில் இந்திய தேசியப் படையினர்மீது நடந்த வழக்கு, நாட்டு மக்கள் அவ்வீரர் பக்கமே நின்றனர் என்பதை ஐயமறக் காட்டியது. 1954இல் படம் பார்த்தவர்க்கு இஃது அண்மைச் செய்தி. எனவே ஜப்பானியரோடு சேர்ந்தான் என்பதனால் மட்டும் ராஜனைத் துரோகியாகக் காட்டியிருந்தால் அரங்கம் ஒப்பியிராது. பாலசந்தர் இதனை அறிந்தே கதையை நெய்திருக்கிறார் என்று நாம் கருதுகிறோம். ராஜனுடைய செயலுக்கு விடுதலை வேட்கையைக் காரணமாக்காமல், மதிக்கப்படாத அறிவின் சினத்தைக் காரணமாக்கினார். மறைவு உறவு, சொத்துச் சண்டை என நால்வர் கூறிய வீட்டுக் குற்றங்களெல்லாம் இங்கே பயன்படுகின்றன. கொலையாளியை மறைக்க வந்த அக்கதைகள், இவன் நேதாஜியின் வழிவந்தவன் அல்லன் என்பதை அரங்கத்தின் நெஞ்சில் முன்கூட்டியே நாட்டிவிடுகின்றன. இந்த நுட்பத்தை வேறெவரும் எடுத்துக் கூறியதாக நாம் காணவில்லை. மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். இங்ஙனம் செய்ததால் படம் கடினமான வினாவைத் தாண்டிச் சென்றுவிட்டது. உஷா பேசும் நாடு 1943ஆம் ஆண்டு நாடன்று. ஏழாண்டு விடுதலை கண்ட 1954ஆம் ஆண்டு நாடு. அதற்கு ஓர் அரசு உண்டு. அவ்வரசின் மறைச்செய்தி மக்களின் மறைச்செய்தி. 1943இல் அவை வெவ்வேறு.

எனினும் உஷாவின் பக்கத்து நியாயத்தைப் புறந்தள்ள இயலாது. ஆள்பவர் யாராயினும், ஒற்றன் அனுப்பும் செய்தியால் விழும் குண்டு குடிகளின் தலையிலேயே விழும். பகைவனின் குண்டு விழுந்த நகரத்தில் இருந்துகொண்டு, அக்குண்டை அழைத்தவன் தன் கணவன் என அறிந்த பெண் வேறென் செய்வாள்? புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்டு வாளோடு களம் புகுந்து, சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, பெற்ற நாளினும் மகிழ்ந்தாள். அவளுக்குக் கேட்ட செய்தி பொய்யாயிற்று. உஷாவுக்கு மெய்யாயிற்று. கண்ணகியோ கணவன் கள்வன் அல்லன் என நிறுவ மதுரையை எரித்தாள். உஷா, கணவன் கள்வனே என அறிந்தபின் நிற்கிறாள். நம் இலக்கியம் இந்நிலையில் மனைவியைப் பெரும்பாலும் நிறுத்திப் பார்த்ததில்லை.

நிறுத்திப் பார்த்த படமும் இறுதியில் சற்றே பின்வாங்குகிறது. உஷா கணவனைக் கொல்லத் துணிந்து சுடவில்லை. தடுப்பதற்காகத் துப்பாக்கியை நீட்டுகிறாள், மனம் தளர்கிறது, அந்நிலையில் தன்னையறியாமல் விசை அழுந்திக் குண்டு பாய்கிறது. துணிந்து சுட்டதாகக் காட்டியிருந்தால் 1954ஆம் ஆண்டு அரங்கம் என்ன சொல்லியிருக்கும் என்பதை உய்த்துணர்தல் அரிதன்று. மனைவியின் கையால் கணவன் சாகவும் வேண்டும். மனைவி அதனை விரும்பியிருக்கவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே காக்க விசையின்மேல் பழி போடப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அது கொலையா, விபத்தா என்று வழக்கறிஞர் வாதிடலாம். பண்டரிபாயின் முகமோ அவ்வாதத்திற்கு இடம் கொடுப்பதில்லை. சுட்டபின் அவர் முகத்தில் வியப்புத் தோன்றுகிறதா என்று நாம் மீண்டும் மீண்டும் பார்த்தோம். துயரம் உண்டு, அச்சம் உண்டு, வியப்பு இல்லை.